ஒன்று, பத்து, நூறு

கல்லாலைக் குடியிருப்பில் வீடுகள் இடம் மாறிய அன்று மரகதவல்லி மதியத்துக்கு எலுமிச்சம்பழச் சோறு கொண்டுவந்திருந்தாள், ஆனால் டப்பாவைத் திறக்க நேரம் கிடைக்கவில்லை. குடிநீர் கேட்டு மேலே அனுப்பப்போகும் மனுவோடு எல்லா வீடுகளின் பட்டியலும் சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று குடியிருப்புச் சங்கச் செயலாளர் பொன்னுரங்கம் சொல்லிவிட்டுப் போயிருந்தார், வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகச் சங்க அலுவலகத்துக்கு வந்து அவள் மேசைக்கு முன்னால் நின்று கதவு எண்ணையும் பேரையும் வீட்டில் எத்தனை பேர் என்பதையும் சொல்லச் சொல்ல அவள் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே இருந்தாள்.

அந்தக் குடியிருப்பு ஒரே ஒரு தெரு. சுண்ணாம்புக்கல் வெட்டி அரைக்கிற ஆலை ஓடிய காலத்தில் ஆலைக்காரர்கள் கட்டிக்கொடுத்தது. பெரிய கேட்டில் தொடங்கி, கல் ஏற்றிவந்த சின்ன ரயிலின் தண்டவாளத்தை ஒட்டியே நீண்டு, கல் வெட்டிய பள்ளத்தின் விளிம்பில் போய் முடியும். வீடுகளுக்கு நடுவே சந்து கிடையாது, ஒரு வீட்டின் இடச்சுவர்தான் அடுத்த வீட்டின் வலச்சுவர், எல்லாமே ஒரே அச்சில் வார்த்தவை, கதவில் நீலப் பெயிண்டில் எழுதிய எண்ணை அழித்துவிட்டால் பெற்ற பிள்ளைக்கே தன் வீடு எதுவென்று தெரியாது. கேட்டை ஒட்டி ஒன்றாம் எண்ணிலிருந்து மேஸ்திரிகளும் எழுத்தர்களும் இருந்தார்கள், நடுவில் இயந்திரம் ஓட்டியவர்கள், நூற்றுக்கு மேல் நூற்று நாற்பது வரைக்கும் கல் சுமந்தவர்கள். ஆலை மூடி, வெட்டிய பள்ளத்தில் மழை தேங்கித் தேங்கி அது பச்சைக் குளமாகவே ஆகிவிட்ட பிறகும் அந்த வரிசை மட்டும் அப்படியே இருந்தது. தண்ணீர்த் தொட்டி கேட்டுக்குப் பக்கத்தில், குழாயும் அங்கிருந்துதான் புறப்படும். முதல் வீடுகளில் கையலம்பும் வேகத்தில் கொட்டும் தண்ணீர் நடுத்தெருவில் நூலாகி, நூறைத் தாண்டினால் குழாய்க்குள் காற்று உறுமுகிற சத்தமாக மட்டும் போய்ச் சேரும்.

மரகதவல்லியின் வீடு தொண்ணூற்றொன்பது. அப்பா ஆலையில் கல் சுமந்தவர்களின் வருகைப்பதிவு எழுதியவர், அதனால் அவர்கள் வீடுகளை ஒட்டியே வீடு கிடைத்தது, அவர் போய், அம்மாவும் போன பிறகு அவள் அங்கேயே தங்கிவிட்டாள். கல்யாணம் பேசி வந்தவர்கள் ஆலை மூடப்போகிறது என்று கேள்விப்பட்டுத் திரும்பிப்போனார்கள், அப்புறம் ஆலை மூடியேவிட்டது, அதற்கப்புறம் யாரும் வரவில்லை. கடிதம், மனு, கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் அவள்தான் அடித்துக் கொடுப்பாள் என்பதால் சின்னவர்களுக்கு அவள் டைப் அக்கா, பெரியவர்களுக்கு வெறும் மரகதம். தொண்ணூற்றெட்டில் இருந்தவர்கள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள், அந்த வீடு பூட்டிக் கிடந்தது. இன்னொரு பக்கம் நூறாம் எண், அதில் இஸ்ரவேல் இருந்தார், கல் ரயிலின் டிரைவராக இருந்து ஓய்ந்தவர், மனைவியைப் பறிகொடுத்தவர், இன்ஜின் சத்தத்தில் பாதி காதைத் தொலைத்தவர்.

அவளும் அவரும் பேசிக்கொண்டதை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் சுவர் ஒன்றாக இருந்தது. அவர் ரேடியோவை அலறவிட்டுச் செய்தி கேட்கும்போதுதான் அவள் தட்டை எடுத்து வைப்பாள், அந்தச் செய்தி முடிவதற்குள் சாப்பிட்டு முடிப்பாள், அதனால் தான் தனியாகச் சாப்பிடுகிறோம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. ஒருமுறை காய்ச்சலில் படுத்து அவள் அடுப்பே பற்றவைக்காமல் கிடந்த பகலில் சுவரில் மூன்று நான்கு தட்டு கேட்டது, விரல் முட்டியால் தட்டுகிற தட்டு. அவள் படுத்தபடியே கையை நீட்டித் திருப்பித் தட்டினாள். அவ்வளவுதான். ஏன் தட்டினீர்கள் என்று அவளும் கேட்கவில்லை, என்ன உடம்புக்கு என்று அவரும் கேட்கவில்லை, ஆனால் அன்றிலிருந்து மத்தியான நேரத்தில் அவர் ஒருதரம் தட்டுவார், அவள் வீட்டில் இருக்கிற நாளாக இருந்தால் பதிலுக்குத் தட்டுவாள், இரண்டு பேரும் உயிரோடுதான் இருக்கிறார்கள் என்பது அத்தோடு முடிவாகிவிடும். தெருவில் எதிரே பார்த்தால் இருவரும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு போவார்கள்.

வீடுகள் மாறிய அன்று எழுபத்து மூன்று முதலில் வந்தது, அடுத்து எட்டு, அடுத்து நூற்று இருபத்தொன்று, அதற்கடுத்து நாற்பது. வந்தவர் வந்தபடி அடித்திருந்த பட்டியலைப் பொன்னுரங்கம் எட்டிப் பார்த்தார்.

"என்ன மரகதம், ஆடு மேய்ஞ்ச கொல்லை மாதிரி இருக்கு. ஆபீசர் கையில கொடுக்கறது. நம்பர் வரிசையா வேணும்."

"கடைசியா ஒரே தட்டுல வரிசையாக்கிடலாம் சார்."

"அப்ப ஆக்கிடு. நான் வெத்தல வாங்கிட்டு வந்து கையெழுத்துப் போடறேன்."

அவர் வெளியே போனதும் அவள் பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுத்து, வரிசைப்படுத்து என்ற சொல்லின்மேல் அம்பை வைத்து அழுத்தினாள். திரையில் சின்னப் பெட்டி ஒன்று திறந்தது. ஏறுவரிசையா இறங்குவரிசையா என்று கேட்டது, எழுத்தாக வைத்துக்கொள்வதா எண்ணாக வைத்துக்கொள்வதா என்றும் கேட்டது. முதல் கேள்விக்கு அவள் பதில் சொன்னாள். பசியில் இரண்டாவதைப் பார்க்கவில்லை. அது தன்பாட்டுக்கு எழுத்து என்பதில் நின்றுகொண்டிருந்தது, அவள் சரி என்று அழுத்திவிட்டாள்.

எழுத்தாக எடுத்துக்கொண்டால் கம்ப்யூட்டருக்கு நூறு என்பது நூறு இல்லை, ஒன்றில் தொடங்குகிற ஒரு சொல். அகராதியில் கல்லும் கல்லறையும் கல்லூரியும் வந்து முடிந்த பிறகுதான் கவலை வர முடியும், அதைப்போல ஒன்றில் தொடங்குவதெல்லாம் வந்து தீரும்வரை இரண்டு காத்திருக்க வேண்டும். ஒன்றுக்கு அடுத்துப் பத்து வந்தது, பத்துக்கு அடுத்து நூறு, நூற்றொன்று, நூற்றிரண்டு என்று வந்து பதினொன்று வந்தது, பிறகு நூற்றுப் பத்தும் அதன் தம்பி தங்கைகளும் வந்தன, இப்படியே நூற்று நாற்பதும் வந்து, பத்தொன்பதும் வந்து போன பிறகு, தெருவின் நடுப்பகுதிக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு நின்றது.

திரையில் எண்கள் மாறி நின்ற அதே நேரத்தில் வெளியே வீடுகள் எழுந்தன. பந்தியில் இடம் மாற்றி உட்காரச் சொன்னால் மனிதர்கள் இலையையும் தண்ணீர்க் குவளையையும் கையோடு எடுத்துக்கொண்டு எழுந்திருப்பதைப்போல, வீடுகள் தங்கள் துணிக்கொடிகளையும் கோலங்களையும் வாசலில் கட்டிய ஆடுகளையும் மின்கம்பத்திலிருந்து வரும் கம்பியையும் ஒன்றாகச் சுருட்டி எடுத்துக்கொண்டு, ஒன்றை ஒன்று இடிக்காமல், தண்டவாளத்தின்மேல் கொஞ்சம் ஒதுங்கி, வழிவிட்டு, வழிவாங்கி, தங்கள் தங்கள் புது இடத்தில் உட்கார்ந்தன. வீட்டுக்குள் இருந்தவர்களுக்குப் பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதுபோல இருந்தது. ரசம் கொதித்துக்கொண்டிருந்த வீடுகளில் ரசம் ததும்பவில்லை. சங்க அலுவலகத்துக்குக் கதவு எண் கிடையாது, அதனால் அது கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றது.

வெற்றிலை வாங்கிக்கொண்டு திரும்பிய பொன்னுரங்கம் வழக்கம்போல ஒன்றாம் எண்ணைத் தாண்டி, இரண்டாம் எண்ணான தன் வீடு என்று நினைத்து அடுத்த கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். உள்ளே பத்தாம் எண் விசாலம், பழைய ஸ்டோர் கீப்பரின் மனைவி, கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார், அவள் அவரைப் பார்த்தாள். "வாங்க" என்றாள் அவள், வந்தவரிடம் அப்படித்தானே சொல்ல முடியும். அவர் வெளியே வந்து கதவு எண்ணைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு தன் வீட்டைத் தேடி நடக்கத் தொடங்கினார்.

அன்று சாயங்காலம் மரகதவல்லியும் தேடிக்கொண்டு போனாள். தெரு முழுவதும் ஆட்கள் வாசலில் நின்று பக்கத்து வாசலில் நிற்பவர்களைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளியே நூறாம் எண்ணைப் பார்த்துவிட்டாள். கதவு திறந்திருந்தது, உள்ளே ரேடியோ பாடியது. அதற்கு அடுத்ததாகத் தன் வீடு இருக்கும் என்று கால் தானாக நின்றது, அங்கே நூற்றொன்றுதான் நின்றது. அவள் நடந்தாள். நடந்துகொண்டே இருந்தாள். தொண்ணூறுகள் வந்தன, தொண்ணூற்றெட்டு பூட்டோடு நின்றது, அதற்கு அடுத்து அவளுடைய வீடு, அதற்கு அடுத்து ஒன்றுமில்லை, கொஞ்சம் புல்லும் பச்சைக் குளமும் மட்டும். இஸ்ரவேலின் சுவராக இருந்த சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது காற்றுதான் இருந்தது.

ஆரம்பத்தில் குடியிருப்பு இதைப் பற்றியே பேசியது, பிறகு இதைப் பற்றியும் பேசியது. தபால்காரர் சைக்கிளை நிறுத்தித் தலையைச் சொறிந்துவிட்டு, அகராதி பார்க்கத் தெரிந்தவனுக்கு இது பெரிய விஷயமில்லை என்று சொல்லிப் பழகிக்கொண்டார். பால்காரர் எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு நாய்களை வைத்து அடையாளம் கண்டார், நாய்கள் வீட்டோடுதான் வந்திருந்தன. பழக்கதோஷத்தில் வேறு வீட்டுக்குள் போய்ச் செருப்பைக் கழற்றியவர்களுக்குக் காப்பி கொடுப்பது என்று ஒரு வழக்கமே ஏற்பட்டது, சிலர் வேண்டுமென்றே தவறிப் போவதாகவும் பேச்சு இருந்தது. ஜன்னல் வழியாகச் சாடை பேசிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு வீட்டுப் பெண்கள் தெருவின் இரண்டு மூலைக்குப் போய்விட்டதில், சண்டைக்கு ஆள் இல்லாமல் இரண்டு பேருமே இளைத்துப் போனார்கள். இது ஏன் நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆலையே ஒருநாள் காலையில் பூட்டிக் கிடந்தது, அது ஏன் என்று கேட்டபோதும் யாரும் பதில் சொன்னதில்லை.

தண்ணீர் விஷயம்தான் மெல்ல வெளியே வந்தது. கல் சுமந்தவர்களின் வீடுகள் எல்லாம் ஒன்றில் தொடங்குகிற எண்கள், அதனால் எல்லாமே கேட்டுப் பக்கம் வந்து சேர்ந்திருந்தன. தலைமுறையாகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு நடந்தவர்கள் முதன்முறையாகக் குழாயைத் திறந்தார்கள், தண்ணீர் கொட்டியது, பயந்துபோய் மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தார்கள். நூற்றொன்றில் இருந்த செம்பாயி தன் வாசலில் உட்கார்ந்து வெறுமனே கையைத் தண்ணீரில் காட்டிக்கொண்டே இருந்ததை மரகதவல்லி அலுவலகத்துக்குப் போகும்போது பார்த்தாள். மறுபக்கத்தில் இரண்டு முதல் ஒன்பது வரை இருந்த மேஸ்திரி வீடுகளில் தண்ணீர் இளைத்தது. ஒன்பதாம் எண் ஏறக்குறைய தெருக்கோடிக்கே போய்விட்டது. அந்த வீட்டு மனிதர்கள் வாழ்நாளில் முதன்முறையாகப் பிளாஸ்டிக் குடம் வாங்கினார்கள், எந்த இடுப்பில் வைப்பது என்று தெரியாமல் சுமந்தார்கள்.

மரகதவல்லியின் குழாயில் காற்றுகூட வரவில்லை. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஓர் ஆளுக்கு ஒரு குடம் போதும், அலுவலகத்திலிருந்து வரும்போது பிடித்துவந்துவிடலாம். சாப்பாடுதான் இறங்கவில்லை. தட்டை எடுத்து வைப்பாள், எப்போது சாப்பிட ஆரம்பிப்பது என்று தெரியாது. ஒருநாள் தானே ஒரு ரேடியோ வாங்கிவந்து வைத்துப் பார்த்தாள், அது அவளுக்காகப் பாடுகிற மாதிரி இருந்ததே தவிரப் பக்கத்தில் யாரோ இருக்கிற மாதிரி இல்லை. நிறுத்திவிட்டாள். பள்ளத்துக் காற்று அந்தச் சுவரில் நாள் முழுக்க உரசும். மழைக்காலம் தொடங்கியபோது அவளுக்கு மறுபடி காய்ச்சல் வந்தது. அலுவலகத்துக்குப் போகாமல், அடுப்பு மூட்டாமல் பகல் முழுக்கப் படுத்திருந்தாள். மத்தியானம் ஆனது, மத்தியானம் தாண்டியது. அவள் கையை நீட்டி வெளிச்சுவரைத் தட்டினாள், அது ஈரமாக இருந்தது. எழுந்து தள்ளாடிப் போய்த் தொண்ணூற்றெட்டின் சுவரைத் தட்டினாள், பூட்டிய வீட்டுக்குள் அந்தச் சத்தம் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போய், அங்கேயும் யாரும் இல்லையென்று தெரிந்துகொண்டு, திரும்பி வந்தது. அவள் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். அம்மா செத்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை.

காய்ச்சல் விட்டு அவள் அலுவலகத்துக்குப் போன அன்று பொன்னுரங்கம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"மரகதம், உன் பட்டியல் எப்படி இருக்கோ அப்படித்தான் தெருவும் இருக்கு. நான் இன்னிக்குத்தான் வெச்சுப் பார்த்தேன்."

"ஆமா சார்." அவள் அதை முதல் நாளே பார்த்துவிட்டாள்.

"எழுத்துன்னு இருக்கறத எண்ணுன்னு மாத்தி நானே அழுத்திப் பார்த்துட்டேன். பேப்பர்ல ஒண்ணு ரெண்டு மூணுன்னு அழகா வருது. வெளிய ஒரு செங்கல் அசையல. என் மச்சினன வெச்சும் பார்த்தாச்சு, பழையபடி எழுத்துலயே விட்டுட்டோம். உன் கைதான் போலிருக்கு. வா, உக்காரு, ஒரு அழுத்து அழுத்து."

அவள் உட்கார்ந்தாள். நாற்காலி அவர் சூட்டில் இருந்தது. எண் என்பதில் அம்பை வைத்தால் தொண்ணூற்றொன்பதுக்கு அடுத்து நூறு வந்துவிடும். அவளுக்கு விரல் அரித்தது. இவர் கேட்காமலிருந்தால்கூட நானே கொஞ்ச நாளில் செய்திருப்பேன் என்று நினைத்தாள், அந்த நினைப்பு அவளுக்கே பயமாக இருந்தது.

"எல்லார்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யலாம் சார்."

"எதுக்கு? முன்ன எப்படி இருந்துச்சோ அப்படி ஆக்கறதுக்கு யார்கிட்ட கேக்கணும்?"

"வீடு அவங்களோடதுதானே சார்."

அதனால் அன்று சாயங்காலமே தொட்டிக்குக் கீழே கூட்டம் கூடியது. மேஸ்திரி வீட்டுக்காரர்கள் ஒரு பக்கம் நின்றார்கள், கல் சுமந்தவர்கள் ஒரு பக்கம் நின்றார்கள், நடுவில் இருந்தவர்கள் முன்பு நூலாக வந்த தண்ணீர் இப்போது இன்னும் மெலிந்ததைப் பெரிய நஷ்டமாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதால் வேடிக்கை பார்க்க நாற்காலி கொண்டுவந்து போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இஸ்ரவேல் வரவில்லை, அவருக்குக் கூட்டத்துப் பேச்சு காதில் விழாது. ஆளாளுக்குப் பேசினார்கள். விசாலம் எழுந்தபோது தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை, அவள் பத்தாம் எண், அவளுக்குத் தண்ணீர்க் குறை இல்லை.

"எனக்கு வேற ஒரு தொல்லை. இப்ப எனக்குப் பக்கத்து வீடு நூறு. அந்தப் பெரியவர் தெனம் மத்தியானம் என் சுவத்தத் தட்டறாரு. ஏதாச்சும் வேணுமான்னு போய்க் கேட்டா ஒண்ணும் வேணாங்கறாரு. திரும்ப வந்து படுத்தா திரும்பத் தட்டறாரு. கொஞ்ச நாளா விடாம தட்டறாரு. ஒரு நாலு நாள் சுவத்துமேலயே சாஞ்சு நின்னுக்கிட்டு இருந்தாராம், செம்பாயி பார்த்துருக்கா. வயசானவரு, நான் குத்தமா சொல்லல. தூக்கம் போவுது, அதான் சொல்றேன்."

மரகதவல்லி தொட்டித் தூணைப் பிடித்துக்கொண்டாள். அவள் காய்ச்சலில் கிடந்ததும் அந்த நாட்களில்தான், அவர் வாசலைத் தாண்டி அவள் அலுவலகத்துக்குப் போகாத நாட்களில். கூட்டம் சிரித்தது, கிழவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று யாரோ சொன்னார்கள், பொன்னுரங்கம் கையைத் தட்டி, "இதுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன், பழையபடி ஆயிட்டா எல்லாம் சரியாப்பூடும்" என்றார். அவர் சொன்னது உண்மைதான் என்று கூட்டத்தில் அவள் ஒருத்திக்குத் தெரிந்தது. முடிவு அவள் கையில் என்று ஆகி, கூட்டம் கலைந்தது.

மறுநாள் காலையில் அவள் அலுவலகத்தைத் திறக்கும்போதே செம்பாயி வந்து வாசல்படிக்கு வெளியே நின்றாள். உள்ளே வரச்சொன்ன பிறகும் கதவோரமாகவே நின்றாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் மரகதவல்லி நினைத்தாள், கெஞ்ச வந்திருக்கிறாள் என்றும் நினைத்தாள், இரண்டுக்கும் பதில் தயார் செய்துகொண்டாள்.

"அக்கா, மாத்தப்போறீங்களா?"

"இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணல செம்பாயி."

"நீங்க எது செஞ்சாலும் சரிதான். எங்களுக்கு இது எப்படி வந்துச்சுன்னே தெரியாது, போனாலும் அப்படித்தான். ஒண்ணே ஒண்ணு. செய்யறதுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செய்யுங்கக்கா. அண்டா, குடம், எல்லாத்தையும் நெப்பி வெச்சுக்கறோம்."

அவ்வளவு சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். மரகதவல்லி உடனே கம்ப்யூட்டரைப் போடவில்லை. நூற்றொன்றிலிருந்து நூற்று நாற்பது வரை ஒவ்வொரு வீட்டிலும் பாத்திரங்களை எல்லாம் கூடத்தில் பரப்பி, நாளைக்குத் தண்ணீர் நின்றுவிடும் என்று சொல்லிப் பிடித்து நிரப்புகிற காட்சி அவள் கண்முன்னால் வந்தது, அதைத் தன் ஒருத்திக்காகச் செய்யவைக்கப் போகிறோம் என்பதும் வந்தது. ஒரு சுவருக்காக என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். அது சின்ன விஷயம் இல்லை. அவளுக்கு இருந்ததே அந்த ஒரு சுவர்தான். ஆனாலும் நிரப்பி வைத்த அண்டா எத்தனை நாளைக்கு வரும்?

அவள் பட்டியலைத் திறந்தாள், இருந்தபடியே அச்செடுத்தாள். பொன்னுரங்கம் வந்ததும் அவர் முன்னால் வைத்தாள்.

"இது எழுத்து வரிசைதானே?"

"ஆமா சார். இப்படியே அனுப்பிடுங்க. நான் மாத்தல."

அவர் கோபப்படவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். "உனக்கு இதுல என்ன லாபம்? எங்களவிட நீதான் கோடியில போய்க் கெடக்கற. காக்காகூட வராது அங்க."

"ஆமா சார்" என்றாள் அவள். "கோடிதான்."

"நாளைக்கு மனசு மாறும்."

"மாறினா சொல்றேன்."

அவர் பட்டியலைப் புரட்டினார், தன் வீடு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடினார், கண்டுபிடித்ததும் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். வீடுகள் மாறிய அன்றிலிருந்து கையெழுத்தில்லாமல் மேசை இழுப்பறைக்குள் படுத்துக்கிடந்த அந்த மனு அந்த மாதமே இரண்டாம் எண்ணும் நான்காம் எண்ணும் ஒன்பதாம் எண்ணும் சேர்ந்து பஸ் ஏறி நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிற மனுவாக ஆனது. தெருக்கோடி வரை பெரிய குழாய் வேண்டும், இல்லாவிட்டால் பள்ளத்துப் பக்கம் இன்னொரு தொட்டியாவது வேண்டும் என்று மேஸ்திரிகள் அங்கே போய் உரக்கப் பேசினார்கள். பார்க்கலாம் என்று பதில் கிடைத்தது. அவர்கள் மறுபடி போனார்கள்.

மரகதவல்லிக்கு மனம் மாறவில்லை என்று சொல்ல முடியாது. தினமும் மாறியது. தினமும் மத்தியானத்தில் அவள் பட்டியலைத் திறந்து அந்தச் சின்னப் பெட்டியை வரவழைத்துப் பார்த்துவிட்டு மூடினாள். காலையிலும் சாயங்காலத்திலும் நூறாம் எண்ணைத் தாண்டித்தான் போய்வந்தாள், கதவு திறந்தே இருக்கும், உள்ளே ரேடியோ பாடும், அலுவலகத்துக்குப் போகிறவள் வழியில் நிற்பதற்கு ஒரு காரணமும் இருக்காது. சுவர் இருந்தவரை காரணம் தேவைப்படவில்லை. சுவரில் தட்டுவது யாருக்கும் தெரியாது, சுவரை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். இப்போது அவளுக்கும் அவருக்கும் நடுவே ஒரு தெரு முழுவதும் இருந்தது, தெரு முழுவதும் ஆட்கள் இருந்தார்கள். தனியாக இருக்கும் ஒருத்தி, தனியாக இருக்கும் ஒருவர் வீட்டுக்குப் போனால் அந்தப் பேச்சு அவள் திரும்பி வருவதற்குள் பள்ளத்தைத் தொட்டுவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் அவள் குளித்துத் தலை துவட்டிக்கொண்டு நின்றபோது பள்ளத்துக் காற்று நின்றுபோயிருந்தது. வீடு அவ்வளவு அமைதியாக இருந்து அவள் பார்த்ததில்லை, தன் மூச்சு தனக்கே கேட்டது. அவள் நல்ல புடவையும் கட்டவில்லை, பழைய புடவையும் கட்டவில்லை, அலுவலகத்துக்குக் கட்டுவதையே கட்டினாள். கதவைச் சாத்தினாள். பையோ குடமோ எதுவும் எடுத்துக்கொள்ளாமல் கையை வீசிக்கொண்டு நடந்தாள்.

தொண்ணூறுகளில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். "இன்னிக்கு ஆபீஸ் உண்டாக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இல்லை."

"அப்ப கடைக்கா?"

"இல்லை. நூறாம் நம்பருக்கு."

அப்படிச் சொன்ன பிறகும் கால் நிற்கவில்லை. அறுபதுகளில் ஒருவர் சவரம் செய்துகொண்டே நிமிர்ந்து பார்த்தார். முப்பதுகளில் யாரோ யாரையோ ஜன்னலுக்குக் கூப்பிட்டார்கள். இரண்டாம் எண் வாசலில் பொன்னுரங்கம் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "எங்க மரகதம், இந்த வெயில்ல?" என்றார், அவள் அவருக்கும் அதையே சொன்னாள், அவர் குடத்தை மறுபடி தூக்கிக்கொண்டார். பத்தொன்பது, பதினெட்டு, நூற்று நாற்பது, பதினான்கு என்று தெரு பின்னோக்கிக் கழன்றது. கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள், கேட்காமல் பார்த்தவர்களை அவளும் பார்த்தாள். நூற்றொன்றின் வாசலில் செம்பாயி பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள், அவள் மட்டும் ஒன்றும் கேட்காமல், வழியில் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள்.

நூறாம் எண்ணின் கதவு திறந்திருந்தது. அவள் நிலைக்கதவில் கை வைத்து, "சார்" என்றாள். கேட்கவில்லை. "இஸ்ரவேல் சார்" என்று சத்தமாக, தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டாள். அவர் கையில் ஒரு தோசைக்கரண்டியோடு வெளியே வந்தார். அவளைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் தெருவில் வாசலுக்கு ஒருவராக நின்றவர்களையும் பார்த்தார். அவர் இவ்வளவு உயரம் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. இடக்கண்ணுக்கு மேலே பழைய தழும்பு ஒன்று இருந்தது, அதுவும் தெரிந்திருக்கவில்லை.

"என்னம்மா, ஏதாவது வேணுமா?" என்றார், காது கேளாதவர்கள் பேசுகிற உரத்த குரலில்.

வழிநெடுக எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டு வந்தவள் அவள். மனு, கையெழுத்து, பட்டியல் என்று எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

"ஒண்ணும் வேணாம்" என்றாள். "சும்மா வந்தேன்."

அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. உள்ளே தோசை கருகுகிற வாசனை வந்தது. அவர் அவசரப்படாமல், கரண்டியை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டு, கதவை இன்னும் அகலமாகத் திறந்து பிடித்தார்.